புசிங்யேயின் இருமல்

புதருக்கு அப்பால் புசிங்யே மறுபடியும் இருமினான். முதுகு வெளுத்த அந்த ஆண் கொரில்லாவின் இருமலைக் கேட்டதும் டாக்டர் அட்டுஹைரே தன் முகமூடியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து இப்படித்தான், டாக்டரம்மா," என்றார் கரெமேரா. இந்தக் கொரில்லாக் கூட்டத்தின் தடம் பார்த்து நடப்பதுதான் அவர் வேலை. "காசமா இருக்குமோ?"

"காசம்னா மேலிடத்துல விட்டு வைக்க மாட்டாங்கண்ணே. கூட்டத்துலேருந்து பிரிச்சிடுவாங்க."

கரெமேரா குட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். தலைவன் இல்லாத கூட்டத்துக்குள் வேறோர் ஆண் நுழைவான். நுழைந்ததும் பால்குடி மறக்காத குட்டிகளைத்தான் முதலில் கொல்வான். புசிங்யேயின் குட்டிகள் மூன்றும் தாய்களின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன.

"எந்தப் பாவி கொண்டாந்து ஒட்ட வச்சானோ! மனுசன்கிட்டேருந்துதானே இதுங்களுக்கு வரும்? வேடிக்கை பாக்க வர்றவன் லேசா இருமினாக்கூட நான் வாசல்லேயே திருப்பி அனுப்பிடறேன். என்னையும் ஏமாத்திட்டு ஒருத்தன் உள்ள போயிருக்கான் பாருங்க. அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!"

"கத்தாதீங்கண்ணே. முதல்ல காசம்தானான்னு பாப்போம்."

மயக்க ஊசி போட டாக்டருக்கு மனமில்லை. மயங்கி விழுந்த தலைவனைப் பார்த்துக்கொண்டு மற்றவை சும்மா இருக்காது. கொரில்லா மென்று போடும் தண்டில் எச்சில் இருக்கும், எச்சிலில் கிருமி இருந்தால் சோதனைக்கூடம் சொல்லிவிடும். தொட வேண்டாம், குத்த வேண்டாம், குனிந்து பொறுக்கினால் போதும்.

பொறுக்குவதற்குள் புதர் பிளந்தது. புசிங்யே மார்பில் அறைந்துகொண்டு நேரே பாய்ந்து வந்தான்.

"உக்காருங்க! தலையைக் குனிஞ்சுக்கோங்க, கண்ணைப் பாக்காதீங்க!"

டாக்டர் தலையை முழங்கால்களுக்குள் புதைத்துக்கொண்டார். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, உதட்டில் ஜெபம்தான் வந்தது.

கரெமேரா முகமூடியை இறக்கினார். பக்கத்தில் இருந்த தண்டு ஒன்றை முறித்து, சத்தம் வரக் கடித்து மென்றார். பிறகு, "ம்ம்... க்கும்" என்று தொண்டையைச் செருமினார். 'நானும் உன்னைப்போல் தின்னத்தான் வந்தேன், சண்டைக்கு வரவில்லை' என்பதற்கு அந்தக் காட்டில் அதுதான் பேச்சு. தடம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் கைவந்த வித்தை.

புசிங்யே நின்றான். பதிலுக்குச் செருமினான். அங்கேயே உட்கார்ந்து தானும் ஒரு தண்டை உரிக்க ஆரம்பித்தான்.

கூட்டம் நகர்ந்த பிறகுதான் டாக்டர் நிமிர்ந்தார். கைகளில் உறை மாட்டிக்கொண்டு, மென்று கிடந்த தண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் குப்பிகளில் போட்டார். கரெமேரா அந்தப் பக்கம் திரும்பிக் காவல் நின்றார்.

மறுவாரம் சேதி வந்தது. ஒரு தண்டில் காசநோய்க் கிருமி இருக்கிறது. அது யார் மென்ற தண்டு என்பதை மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கரெமேராவுக்கு அதில் சந்தேகமே இல்லை. புசிங்யேயின் குட்டிகளை நினைத்தால் அவருக்குச் சோளக்கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"கொரில்லாவுக்கு உடம்பு சரியில்லேன்னா இந்த மனுசன் எதுக்கு இளைக்கணும்?" என்று அவர் மனைவி கெபிரூங்கி அண்டை வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொண்டாள். "பாதி ஆளாப் போயிட்டாரு. காட்டுப் பேச்சைக் காட்டோட விட்டுட்டு வாங்கன்னா கேக்கறாரா? படுத்தாலும் எந்திரிச்சாலும் க்கும் க்கும்னு. எனக்குக் கொரில்லாவோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு!"

அண்டை வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டரின் வண்டி வந்து நின்றது.

கரெமேரா இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலுக்கு ஓடினார். டாக்டர் முகமூடி போட்டிருந்தார்.

"இது வீடு, டாக்டரம்மா. இங்க எந்தக் கொரில்லாவுக்கு முகமூடி?" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மறைக்காம சொல்லிடுங்க. அவனை எப்பப் பிரிக்கப் போறாங்க?"

"பிரிக்க மாட்டாங்கண்ணே. புசிங்யே மென்ன தண்டு சுத்தம். அவனுக்கு வெறும் மழைச் சளிதான்."

கரெமேராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளை அள்ளித் தூக்கி, மூக்கோடு மூக்கை உரசி, "ம்ம்... க்கும்" என்று செருமினார். குழந்தை கலகலவென்று சிரித்தது. சிரிப்பு முடிந்ததும் அதுவும் ஒருமுறை இருமியது.

"அப்ப கிருமி வேற எந்தக் கொரில்லாகிட்ட இருந்தது?"

டாக்டர் பையிலிருந்து உறைகளை எடுத்துக் கைகளில் மாட்டிக்கொண்டார்.

"எந்தக் கொரில்லாகிட்டயும் இல்ல. அந்தத் தண்டுல இருந்தது மனுச எச்சில். அன்னைக்கு நான் தலையைக் குனிஞ்சிட்டிருந்தப்ப நீங்க எதையாவது மென்னீங்களா?"

கரெமேரா வாய் திறந்தார். பேச்சுக்குப் பதிலாக இருமல்தான் வந்தது.

டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"குழந்தைய இப்படிக் குடுங்கண்ணே."