தட்டாத பேச்சு

மந்தை ஓட்டும் நாய்களுக்கான போட்டியில் கடைசியாகக் களமிறங்கியது ஒரு கலப்பின நாய்.

“மந்தையைக் கலைச்சிடாம பாத்துக்கோங்க!” என்றார் நடுவர்.

மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தி நாய்களை ஏவியிருந்தார்கள். இந்த நாயின் சொந்தக்காரியோ வாயே திறக்காமல் கைகளை மட்டும் அசைத்தாள். நாய் அவளைப் பார்த்துப் பார்த்து ஓடி, ஆடுகளை வளைத்து, ஒன்றுவிடாமல் பட்டிக்குள் சேர்த்தது. மைதானமே கைதட்டியது.

கோப்பையோடு வந்த நடுவர், “யாரும்மா பழக்கினது?” என்றார்.

அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற அவள் அப்பா முந்திக்கொண்டார்.

“இவதான் சார். குட்டியிலேர்ந்து முடி சீவிவிட்டு, தினமும் கூடவே ஓடி வளர்த்தா.”

“காது கேக்காத நாயைப் பழக்குறது லேசுப்பட்ட காரியமில்லையே!”

“அதுக்குப் பாம்புக் காது சார்.” அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. “என் பொண்ணுக்குத்தான் பேச்சு வராது. ஆனா பாத்தீங்கல்ல, அவ பேச்சை இது தட்டவே தட்டாது!”