மனுப் போட்டவள்

"வழிபாட்டை ஆம்பளைங்க நடத்துறதுதான் காலங்காலமா இருக்கிற முறை. அதை மாத்தணும்னு கோர்ட்டுக்குப் போன அந்தம்மாவுக்கு வீட்டுல வேற வேலையே இல்லையா?"

தொலைக்காட்சி விவாதத்தில் மேசையைத் தட்டினார் கட்டுரையாளர். பழைய முறைகளுக்காக வாரம் தவறாமல் எழுதுகிறவர்.

வெளியே வந்ததும் போராட்டக் குழுத் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரமாதம் சார்! நாளைக்குத் தீர்ப்பு. கோர்ட் வாசல்ல அந்தம்மாவை உள்ள விடாம மறிக்கப் போறோம். நீங்கதான் முன்னால நிக்கணும்."

"தலையெழுத்து! கருத்தை எதிர்க்கச் சொன்னா ஆளை மறிக்கிறேங்கிறீங்க. இதுவாய்யா நம்ம பண்பாடு?"

"அவங்க மேல உங்களுக்குத்தானே சார் கோபம் ஜாஸ்தி?"

"ஜாஸ்திதான். எத்தனை தடவை சொல்லியாச்சு, காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறா. அவ தோக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிறேன்."

"அப்புறம் என்ன சார்? வந்து நில்லுங்க."

"எப்படிய்யா நிக்கிறது?" கட்டுரையாளர் எரிச்சலோடு கார் கதவைத் திறந்தார். "அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறதே நான்தான். உங்க ஆளுங்களை வழிவிட்டு நிக்கச் சொல்லுங்க. பக்கத்து சீட்டுல என் பொண்டாட்டி வருவா."