இரண்டாவது ரத்தம்

"இதயத்துல சேதம்னா ரத்தம் காட்டிக் கொடுத்துடும். முதல் தடவை அளவு கொஞ்சம் கூட இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுத்து, ஏறுதான்னு பார்க்கணும்," என்றாள் நர்ஸ்.

நெஞ்சுவலி என்று வந்து படுத்திருந்த கொத்தனாரின் மனைவி, அந்த இடைவெளியில் ஓடிப்போய்க் கொழுந்தனை இழுத்து வந்தாள். கொத்தனார் கட்டிய சுவரை நாலு பேர் முன்னால் கோணல் என்று சொன்னவன். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு அறுந்துபோயிருந்தது.

அவனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"ரத்தம் எடுத்துட்டாங்களா?"

"இல்லடி, இனிமேத்தான்."

"கோபப்பட்டா அளவு எகிறிடுமாம். எடுக்கிற வரைக்கும் யார் வந்தாலும் சிரிச்ச முகமா இருங்க," என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

கொத்தனார் பல்லைக் கடித்தார். "வைத்தியத்துக்காகப் பேசறேன். வாடா, உட்காரு."

"எப்படிண்ணே இருக்கே?" தம்பி உட்கார்ந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கேன். கட்டிலும் கோணல்னு சொல்லிடாதே."

மூவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்தாள்.

"சிஸ்டர், இவர் சிரிக்கும்போதே ரத்தத்தை எடுத்துடுங்க!" என்றாள் மனைவி.

"நீங்க வெளிய போயிருந்தப்பவே எடுத்தாச்சே! அளவு ஏறலை, பயமில்லைன்னு இவர்கிட்டயே அப்பவே சொல்லிட்டேனே?"

மனைவி திரும்பி முறைத்தாள்.

"நீ இவனை இழுத்துட்டு வர்றதை ஜன்னல்ல பார்த்தேன்டி. பயமில்லைன்னு தெரிஞ்சா வாசலோட திரும்பிடுவானே," என்றார் கொத்தனார், தம்பியின் கையை விடாமல். "புளுக உனக்கு மட்டும்தான் தெரியுமா?"