ஏகாம்பரம் வீட்டு பாஸ்வேர்டு

என் மீசைமேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஏகாம்பரம் வீட்டு ஹாலுக்குப் புதிதாக வந்த ரூட்டர், உள்ளறைக் கம்ப்யூட்டரிடம் மார்தட்டியது: "கவலையே படாதீங்க அண்ணே! நம்ம பாஸ்வேர்டு முழ நீளம். உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா உள்ளே வராது."

அதைக் கம்ப்யூட்டரில் போட வேண்டுமே! ஏகாம்பரம் ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார். உள்ளறையிலிருந்த மனைவி மரகதம், காதில் விழுந்த மட்டும் தட்டினாள்.

"பெரிய கே-யா, சின்ன கே-யா?"

"பெரிசுடீ, பெரிசு!"

அவர் கத்தி முடித்ததுதான் தாமதம், எதிர்வீட்டு டிவி, மாடிவீட்டு போன், டீக்கடை டேப்லெட் எல்லாம் வந்து பாஸ்வேர்டைச் சரியாகச் சொல்லின. ரூட்டர் மூச்சிரைக்க எல்லோரையும் உள்ளே விட்டது.

கடைசியாகக் கம்ப்யூட்டர் வந்தது. "தம்பி, நான்தான்டா!"

"பாஸ்வேர்டு தப்பு அண்ணே, வெளியே நில்லுங்க."

நான் சொன்னதாக ஏகாம்பரத்தின் காதில் போட்டுவிடாதீர்கள். மனுஷன் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்.