முழிச்சிருக்க ஒரு மாத்திரை

சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, நோயாளி மேஜைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். லேசாகக் குறட்டைகூட வந்தது.

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டைக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, அவள் பார்க்கிறாளா என்று சரிபார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"எந்திரிங்க சார். இது எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா டாக்டர். சாப்பிடும்போது தூங்கறேன், பேசும்போது தூங்கறேன். இதுக்குன்னு ஒரு மாத்திரை இருக்காமே. அதை மட்டும் எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"இங்க யார் கூட்டிட்டு வந்தாங்க?"

"கூட்டிட்டு வர்றதுக்கு என்ன இருக்கு? நானே ஸ்கூட்டர்ல வந்தேன். பதினெட்டு கிலோமீட்டர்."

"வழியில எத்தனை தடவை தூங்கினீங்க?"

நோயாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தாள். அறையின் மூலையில் மடிமேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்த கண்ணாடிக்கார அம்மாள் மட்டும் தலை நிமிரவில்லை.

அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பதுதான் டாக்டருக்குப் பயம். போன வருஷம் இதே அறையில், இதே நாற்காலியில் ஒரு பெண்மணி அழுத அழுகையில் மனம் கரைந்து, கேட்ட மாத்திரையை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு மருந்துச் சீட்டால் ஒரு வருஷம் வீணாகப் போயிற்று. கூடப் படித்தவர்கள் எல்லாம் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள். இவள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

வீட்டில் அவளுக்கு 'வெண்ணெய்' என்றே பெயர். காலையில் கிளம்பும்போதும் அப்பா, "வெண்ணெய், யார் அழுதாலும் சரி, உருகிடாதே. இன்னொரு வருஷம் வீட்ல உட்கார வேண்டியதாயிடும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

"சரி சார், சிரிச்சா முழங்கால் தொளதொளன்னு ஆகுமா? இந்த வியாதி இருக்கறவங்க சில பேருக்கு அப்படி ஆகும்."

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. சிரிச்சா அப்படியே விழுந்துடுவேன்."

"என் தம்பி கவனம் சிதறக் கூடாதுன்னு ரூமைப் பூட்டிக்கிட்டு மூணு மணி நேரம் படிச்சான். வெளிய வந்து பார்த்தா புஸ்தகம் ஹால்ல கிடக்கு."

நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் முழங்கால் ஞாபகம் வந்தது. மெதுவாக நாற்காலியைவிட்டு நழுவி, சட்டை கசங்காமல் தரையில் உட்கார்ந்தார்.

"நடிப்பு ரொம்ப நல்லா இருக்கு சார். மேல உட்காருங்க. எதுக்கு அந்த மாத்திரை?"

குட்டு உடைந்ததும் மனிதர் கொட்டித் தீர்த்தார். கட்டட வரைபடம் போடுகிற வேலை. மூன்று மாடி மருத்துவமனை ஒன்றின் வரைபடத்தை நாலு நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும். முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து மேஜைக்காரர் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கண் மூடாமல் வேலை பார்க்கிறாராம்.

"அது தூக்க வியாதி இருக்கறவங்களுக்கு. உங்களுக்குத் தூக்கத்தை விரட்டும், களைப்பை விரட்டாது. நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். மூணு மாடிக்கும் மாடிப்படி வரைய மறந்துடுவீங்க. ஆனா ரொம்பக் கவனமா மறப்பீங்க."

"ஒரே ஒரு அட்டை டாக்டர். பொண்ணு காலேஜ் சேர்ற வருஷம். அவளை உங்க தங்கச்சின்னு நெனச்சுக்கோங்க."

சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். டாக்டரின் கை அவளையும் அறியாமல் பேனாவை எடுத்தது. மூலையில் அம்மாளின் பேனா நின்றது.

டாக்டர் எழுதினாள். நோயாளி அழுகையோடு அழுகையாகச் சிரித்து, சீட்டை வாங்கிப் படித்தார்.

'இன்றும் நாளையும் எட்டு மணி நேரம் தூங்கவும். அடுத்த வாரம் வந்து பிரஷர் பார்க்கவும்.' கீழே அவருடைய மேலதிகாரிக்கு, இரண்டு நாள் ஓய்வு கொடுக்கும்படி ஒரு கடிதம்.

"மாத்திரை எங்க டாக்டர்?"

"இல்லை சார். நீங்க இன்னும் ஒரு மணி நேரம் அழுதாலும் இல்லை. உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு, அதனாலதான் இல்லை."

மூலை அம்மாள் அட்டையில் ஏதோ எழுதி, பேனாவை மூடி, நோயாளியைப் பார்த்துத் தலையசைத்தார். வெளியே மணி அடித்தது.

நோயாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு கிளிசரின் குப்பியை எடுத்து நிதானமாகத் திறந்தார்.

"பரீட்சையில பாஸ் டாக்டர்; வெளிய நிக்கற அடுத்த டாக்டரை அனுப்புங்க, நான் மறுபடியும் அழணும்."