யார் யாரை இழுத்தது?

கிண்ணியாத் துறையடி மணலில் கம்பனியின் புது லொறியைப் புதைத்தவன் நான்தான். குறுக்கு வழி என்று என் மூளை சொன்னது; அதற்கு லைசென்ஸ் இல்லை.

போட்டிக் கம்பனி டிரைவர் ஸஹாப்தீன் நானா, தன் லொறியின் பின்புறத்தையும் என்னுடையதன் பின்புறத்தையும் கயிற்றால் கட்டி இழுத்துவிட்டார்.

"லொறி நல்லம்தான் தம்பி, ஓட்டுறவர்தான் சரியில்லை."

கயிற்றை அவிழ்க்குமுன் யாரோ படம் பிடித்தார்கள்.

ஞாயிறு பத்திரிகையில் அதே படம், எங்கள் விளம்பரமாக: 'புதைந்த போட்டி லொறியை மீட்ட எங்கள் லொறி!'

எங்கள் மனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"ஆர் ஆரை இழுத்ததெண்டு கயிறு சொல்லுமே, ஐசே?" என்று சிரித்தார்.

லொறியைப் புதைத்தாரென்று நானாவை அவரது கம்பனி விசாரிக்கிறதாம். வேலை போனால் ஐந்து பிள்ளைகளோடு மனிதர் என்ன செய்வார்? ஓர்ஸ் ஹில்லில் இருந்த அந்தக் கம்பனியின் கந்தோருக்கே ஓடினேன்.

"ஐயா, புதைஞ்சது என்ர லொறி. இழுத்தது ஸஹாப்தீன் நானாதான். எங்க வேணுமெண்டாலும் கையெழுத்து வைக்கிறன்."

அங்கிருந்த மனேஜர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். தேத்தண்ணியும் தந்தார்.

"அப்ப, நானாவின்ர வேலை போகாதுதானே?"

இவரும் மழுப்புவார் என்று நினைத்தேன். நேராகவே சொன்னார்:

"லொறியைப் புதைச்சதுக்கெண்டா எச்சரிச்சு விட்டிருப்பம், தம்பி. உங்கட லொறியை இழுத்துவிட்ட ஆளுக்கு இனி இஞ்ச வேலை இல்லை."