கேக்டஸ் இல்லீங்க

"தொட்டுறாதீங்கக்கா."

நர்சரிக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். அவள் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

அவர் கையுறை மாட்டியிருந்தார். கண்ணாடியும். முற்றத்து மூலையில் ஆளுயரம் நின்ற செடி. அழுகலுக்கு மேலே, பச்சையாக இருந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டார்.

வெள்ளையாகப் பால் வழிந்தது.

"இது கேக்டஸே இல்லீங்க. கள்ளிங்க. கேக்டஸ்ல இப்படிப் பால் வராது. முள்ளைப் பாருங்க, சோடி சோடியா இருக்குது."

நாற்பது வருடமாக அந்த வீட்டில் அது கேக்டஸ்தான். அப்பா பெங்களூரிலிருந்து தொட்டியோடு வாங்கி வந்தது. அப்பா போன பிறகு அம்மா அதற்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். அதில்தான் அடி அழுகியது.

அழுகியதை வெட்டிப் போடணும் என்றார் அவர். நல்ல கிளைகளைப் பத்து நாள் நிழலில் காயவிட்டு மணலில் நடணும். தண்ணீர் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் போதும்.

"பாலு மட்டும் கண்ணுல பட்டுறக் கூடாதுங்க. பார்வையே போயிரும்."

அவள் செடியைப் பார்க்கவில்லை.

அந்தப் பாலை அவள் முன்பு ஒருமுறை தொட்டிருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. தம்பி பூபதிக்கு நாலு. கல்யாண விளையாட்டு. அவன்தான் மாப்பிள்ளை. கிளையை ஒடித்து, பாலை விரலில் தொட்டு, அவன் புருவத்துக்கு மேலே வரிசையாகப் பொட்டு வைத்தாள்.

ஒரு பொட்டு வழிந்து இறங்கியது.

அலறினான். குழாயடிக்கு இழுத்துப் போய் முகத்தைக் கழுவிவிட்டாள். ஓடி வந்த அம்மாவிடம், மண் விழுந்துவிட்டது என்றாள்.

அம்மா அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டர், கண்ணில் என்ன ஊற்றினாய் என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு பூபதியின் இடது கண் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

அப்பா சாகும்வரை சொல்லிக் காட்டினார். சோற்றில் உப்பு குறைந்தாலும் பேச்சு அந்த எண்ணெயில் போய்த்தான் முடியும். அம்மாவிடம் பேரப்பிள்ளைகளின் கண்ணில் சொட்டு மருந்து விடச் சொன்னால் உள்ளே போய்விடுவாள்.

பால் பட்டது மகளுக்குத் தெரியும். பாலால்தான் என்று தெரியாது.

தெரியாது என்றே முப்பத்தாறு வருடம் வைத்திருந்தாள்.

நர்சரிக்காரர் அழுகலைச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார். அம்மா வெளியே வந்தாள். நிழலில் கிடந்த கிளைகளைக் குனிந்து பார்த்தாள்.

"பொழச்சுக்குமா அம்மிணி?"

அவள் சொன்னாள். மாப்பிள்ளை விளையாட்டு. பால். பொட்டு. மண் என்று சொன்ன பொய். நின்றபடியே, எதையும் விடாமல்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப நான் ஊத்துன எண்ணெய் இல்லியா?"

"இல்லம்மா."

"எண்ணெய்னால இல்லியா?"

"இல்ல."

அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. தன் கைகள் இரண்டையும் பார்த்தாள்.

பிறகு சொன்னாள்:

"உங்கப்பன் இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமில்ல."



அம்மா இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். கண்ணைச் சுருக்கி பூபதியின் பெயரைத் தேடி அழுத்தினாள். மணி போனது. மூன்று முறை, நான்கு முறை.

"சொல்லும்மா" என்றான் பூபதி.

அம்மா போனை அவள் பக்கம் நீட்டினாள்.